வாசுகி, யாளி, டைனோசர்: பிள்ளைகளின் அட்டையில் வரக்கூடாத குழப்பங்கள்

தமிழ்ப்பள்ளியில் அறிவியல் விழா வந்துவிட்டால் மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டப் பிள்ளைகளில் பலர் முதலில் கை வைப்பது டைனோசரில்தான். நல்ல ஆசை, கெடுக்கக் கூடாது. ஆனால் தகவல் வரும் வழி பெரும்பாலும் அப்பாவின் புலனமும் மாமாவின் முகநூலும்தான். அதனால் விழாவுக்குச் செய்யும் காட்சி அட்டைகளில் ஒரே மாதிரித் தவறுகள் அட்டைக்கு அட்டை வருகின்றன. அட்டையை ஒட்டுவதற்கு முன் பெற்றோரும் ஆசிரியர்களும் இவற்றைக் கொஞ்சம் பார்த்துவிட்டால் நல்லது.

முதலாவது, பழைய காலத்துப் பெரிய மிருகம் எல்லாவற்றையும் டைனோசர் என்று எழுதிவிடுவது. இந்தப் பெயரை 1842-இல் அச்சில் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் ரிச்சர்ட் ஓவன். அப்போது அவர் கையில் இருந்தவை மெகலோசாரஸ், இகுவானோடான், ஹைலியோசாரஸ் என்று மூன்றே மூன்றின் எலும்புகள். வானில் பறந்த டெரோசாரும் கடலில் நீந்திய இக்தியோசாரும் வேறு குடும்பத்தவை. முதுகில் பாய்மரம் வைத்தது போல் இருக்கும் டைமெட்ரோடான் முதல் டைனோசர் பிறப்பதற்குப் பல மில்லியன் ஆண்டுகள் முன்பே அழிந்துவிட்டது. உரோமம் அடர்ந்த மாமத் யானையோ நேற்றைய விலங்கு. அதன் கடைசிக் கூட்டம் ஏறக்குறைய 4,000 ஆண்டுகளுக்கு முன்புவரை ஆர்க்டிக் கடலின் ரேங்கல் தீவில் வாழ்ந்தது. பறவைகளை விட்டுவிட்டுப் பார்த்தால் டைனோசர்கள் மறைந்து 66 மில்லியன் ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே ஈட்டி பிடித்த மனிதனை மாமத்தின் பக்கத்தில் வரையலாம், டைனோசரின் பக்கத்தில் வரையக் கூடாது.

அடுத்த தவறு இன்னும் ஆழமானது. பெயரைப் படித்துவிட்டு அதுதான் அந்த விலங்கின் குணம் என்று நம்பிவிடுகிறோம். 1834-இல் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஹார்லன் சில பெரிய முதுகெலும்புகளைப் பார்த்து, ஏதோ கடல் ஊர்வன என்று எண்ணி, 'அரசப் பல்லி' என்ற பொருளில் பாசிலோசாரஸ் என்று பெயர் வைத்தார். சில ஆண்டுகள் கழித்து அதே ஓவன் அதன் கடைவாய்ப் பற்களைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஒவ்வொரு பல்லுக்கும் இரட்டை வேர்! ஊர்வனவற்றின் பல் அப்படி இருக்காது, பாலூட்டியின் பல்தான் இருக்கும். பார்த்தால் அது ஆதிகாலத் திமிங்கிலம். ஓவன் வேறு பெயர் சொல்லியும் பார்த்தார், நிலைக்கவில்லை. விலங்குப் பெயரிடும் விதிப்படி முதலில் முறையாக வைத்த பெயருக்கே முன்னுரிமை. அதனால் இன்றும் அந்தத் திமிங்கிலம் பல்லிப் பெயரோடுதான் இருக்கிறது.

ஓவிராப்டர் என்ற டைனோசருக்கு நடந்தது எனக்கு மனசு கேட்காத ஒன்று. 1923-இல் கோபிப் பாலைவனத்தில் முட்டைகளுக்கு மிக அருகில் அதன் எலும்புக்கூடு கிடைத்தது. திருட வந்த இடத்தில் செத்துப்போனது என்று முடிவுகட்டி மறு ஆண்டே 'முட்டைத் திருடன்' என்று பெயர் சூட்டினார்கள். 1990களில் அதே வகை முட்டைக்குள் ஓவிராப்டர் குடும்பத்துக் கரு கிடைத்தது. அடைகாத்த நிலையிலேயே இறந்த உறவு விலங்குகளும் கிடைத்தன. பழி பொய்யாகிவிட்டது, பெயர் மட்டும் போகவில்லை. இதை எழுதும் பிள்ளை 'முட்டை திருடும் டைனோசர்' என்று போடாமல், அந்தப் பெயர் எப்படி வந்தது என்று நாலு வரி எழுதினால் அட்டை எவ்வளவோ உயர்ந்துவிடும்.

நம் புராணப் பெயர் வந்தால் குழப்பம் இரட்டிப்பாகிறது. குஜராத்தின் கட்ச் பகுதிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த 27 முதுகெலும்புகளை வைத்து, சுமார் 47 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பாம்பு ஒன்றை ரூர்க்கி ஐஐடி ஆய்வாளர்கள் 2024-இல் விவரித்தார்கள். நீளம் 11 முதல் 15 மீட்டர் இருக்கலாம் என்பது அவர்களின் கணிப்பு. வைத்த பெயர் வாசுகி இண்டிகஸ். உடனே 'பாற்கடல் கடைந்த பாம்பு கிடைத்துவிட்டது' என்று செய்தி பறந்தது. சிவபெருமான் கழுத்தில் கிடக்கும் நாகராசனை நினைத்து மரியாதைக்கு வைத்த பெயர் அது. பேரனுக்கு முருகன் என்று பெயர் வைத்தால் கந்தபுராணத்துக்கு அவன் சாட்சி ஆகிவிடுவானா?

தமிழ்நாட்டுச் செய்தி என்றால் இன்னும் வேகமாகப் பகிர்கிறோம். அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த பிருகத்காயோசாரஸை 'உலகிலேயே பெரிய டைனோசர்' என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. 1987-இல் பெயரிட்டபோது அதை ஊன் உண்ணும் வகையில் சேர்த்தார்கள். பிறகுதான் நீள்கழுத்துத் தாவர உண்ணி என்ற கருத்து வந்தது. மூல எலும்புகளோ உதிர்ந்து போய்விட்டன. மறுபடி அளக்க வழி இல்லாத ஒன்றுக்கு 'இருக்கலாம்' என்ற சொல் கட்டாயம் வேண்டும். 2020-இல் பெரம்பலூரில் 'டைனோசர் முட்டை' என்று பரவிய உருண்டைகளும் அப்படித்தான். அவை அம்மோனைட் என்ற கடலுயிரியைச் சுற்றி இறுகிய கற்கள் என்று நிலவியலாளர்கள் விளக்கினார்கள். பூசையறைச் சாளக்கிராமத்தில் தெரியும் சக்கரமும் அம்மோனைட் ஓட்டின் சுருள்தான். இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் பக்தி ஒன்றும் குறையாது.

யாளிக்கு வருவோம். நம் வட்டாரக் கோயில் ஒன்றின் முன்மண்டபத்தில் நின்று பாருங்கள்: சிங்க உடல், பிதுங்கிய கண், தந்தம், சுருண்ட துதிக்கை, திறந்த வாய்க்குள் சிவப்புச் சாயம். பார்த்த யாரும் மறக்க முடியாது. இதைக் காட்டி 'நம் முன்னோர் டைனோசரைக் கண்டார்கள்' என்று வரும் காணொளிகளை அட்டையில் ஏற்றக் கூடாது. அப்படி ஒரு விலங்கின் எலும்பு எங்கும் கிடைத்ததில்லை. அதற்காக 'எல்லாம் கட்டுக்கதை' என்று அடித்துவிடுவதும் எனக்கு ஒப்புதல் இல்லை. பால்குடி மறவாத ஆளிக் (யாளிதான் ஆளி) குட்டி தன் முதல் வேட்டையிலேயே களிற்றைக் கொன்றது போல என்று கரிகாலனின் வீரத்தைப் பொருநராற்றுப்படை பாடுகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு நெருக்கமாகத் தமிழரின் கற்பனையில் உயிரோடு இருக்கும் விலங்கு அது. 'இலக்கியத்திலும் சிற்பத்திலும் வாழும் விலங்கு' என்று எழுதுங்கள், அதற்குரிய இடம் அதுதான்.

அப்புறம், புராண விலங்கெல்லாம் புதைபடிவத்தைப் பார்த்து உண்டானவை என்று ஒரேயடியாகச் சொல்வதும் அவசர முடிவே. யானை மண்டையோட்டின் நடுவில் துதிக்கைக்கான பெரிய துளை இருக்கும், பார்ப்பவருக்கு ஒற்றைக் கண்குழி போல் தோன்றும். சிசிலியில் கிடைத்த குள்ள யானை மண்டையோடுகளே கிரேக்க ஒற்றைக்கண் அரக்கன் கதைக்கு வித்திட்டிருக்கலாம் என்று 1914-இல் புதைபடிவ ஆய்வாளர் ஓத்தேனியோ ஆபெல் கருதினார். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அது ஊகம், ஊகம் என்றே எழுத வேண்டும்.

நம் நாட்டில் ஒன்றும் இல்லை என்று நினைத்து மேலைநாட்டு டைனோசரையே வரைவதைத்தான் நான் அதிகம் மாற்ற விரும்புகிறேன். ஈப்போவுக்கு அருகில், பொன் டிராகன் என்று பொருள்படும் நாகா மாஸ் குகையின் பாறையில் ஒரு பாலூட்டியின் எலும்புக்கூடு பதிந்திருக்கிறது. பகாங்கில் கிடைத்த டைனோசர் பல்லைப் பற்றி மலாயாப் பல்கலைக்கழகத்தார் 2014-இல் அறிவித்தார்கள். வயது குறைந்தது 75 மில்லியன் ஆண்டுகள். நீளம் 23 மில்லிமீட்டர், அகலம் 10 மில்லிமீட்டர். மேற்பரப்பில் வரிவரியாக மேடு. அதை வைத்து, மீன் தின்னும் ஸ்பைனோசாரிட் குடும்பம் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார்கள். ஒரு பல்லை நம்பிப் புது இனப் பெயர் எதையும் அவர்கள் சூட்டவில்லை. பிள்ளைகளும் அட்டையில் முழு உருவத்தை வரைந்து 'மலேசியாசாரஸ்' என்று போட வேண்டாம். 'ஸ்பைனோசாரிட் குடும்பம், பகாங், ஒரு பல்' என்று எழுதி, அளவுகோல் வைத்து அந்தப் பல்லை உண்மை அளவிலேயே வரையச் சொல்லுங்கள்.