‘இதெல்லாம் நடக்குமா?’ என்று கேட்பதற்கு முன்: சண்டைப் படம் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பில் ஒரு சண்டைப் படத்தைப் பற்றிப் பேச்செழுந்தால், கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் “இதெல்லாம் நடக்குமா?” என்று கேட்டுவிடுவார். ஒரே ஆள் முப்பது பேரை அடிக்கிறான், கார் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் பாய்கிறது, சுட்ட குண்டில் ஒன்றுகூடக் கதாநாயகன் மேல் படவில்லை. சரி, நடக்காதுதான். முன்வரிசையில் விசிலடிக்கிற பிள்ளைக்கும் அது தெரியும். தெரிந்தும் ஏன் தலைமுறை தலைமுறையாக இந்தப் படங்களுக்குக் கூட்டம் சேருகிறது என்று கேட்டால் பேச்சு பயனுள்ள பக்கம் திரும்பும். நடக்குமா நடக்காதா என்ற அளவுகோலோடு படத்துக்குள் போவதுதான் முதல் தவறு.

மட்டக்களப்பின் மரபுக் கூத்துகளில் ஒன்றான வடமோடியைக் கண்டு வளர்ந்த நம் ஊர்க்காரர் இந்தத் தவறைச் செய்யவே கூடாது என்பேன். கூத்தில் அரசன் சும்மா நடந்து வருவதில்லை. முதலில் கட்டியகாரன் வந்து அவன் பெருமையைச் சொல்லுவான். பிறகு இரண்டு பேர் பிடித்திருக்கும் வெள்ளைத் துணிக்குப் பின்னால் அரசன் நிற்பான். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரின் மத்தளம் வேகமெடுக்கும், துணி விலகும், இடுப்பைச் சுற்றி விரிந்து நிற்கும் கரப்புடுப்பும் கிரீடமும் மினுங்க வரவு ஆட்டம் தொடங்கும். திரையில் கதாநாயகனின் முகத்தை ஒளித்துக் காலையும் கையையும் முதலில் காட்டுவதும், அடியாள் ஒருவன் “அவன் ஆரெண்டு தெரியுமா?” என்று நடுங்குவதும் அதே முறைதான். கூத்து ஆடும் வட்ட மேடையான வட்டக்களரியில் போர்க்காட்சி ஆட்டமாகவே நடக்கிறது. போர்க்களத்தில் இப்படிச் சுற்றிச் சுற்றி ஆடுவார்களா என்று யாரும் கேட்பதில்லை. ஒருவனின் வீரமும் கோபமும் எவ்வளவு பெரியவை என்பதை உடம்பால் காட்ட வேண்டியிருக்கிறது. மிகைப்படுத்தாமல் அதைக் காட்ட முடியாது.

அடுத்த தவறு, வெடியும் சத்தமும் கூடக் கூடப் படம் நன்றாகிவிடும் என்று நினைப்பது. பார்க்கிறவர்களைவிடப் படம் எடுக்கிறவர்களிடம் இது அதிகம். 1995இல் வந்த ‘பாட்ஷா’வில் ஆட்டோ ஓட்டும் மாணிக்கத்தைக் கம்பத்தில் கட்டி வைத்து அடிக்கிறார்கள். அவர் திருப்பி அடிப்பதில்லை. தங்கைக்கு ஆபத்து வந்த பிறகுதான் கை ஓங்குகிறது. அவ்வளவு நேரம் அடக்கி வைத்ததால்தான் அந்த ஒரு அடி அரங்கத்தையே எழுப்பியது. யூடியூபில் சண்டைத் துண்டை மட்டும் வெட்டிப் பார்த்துவிட்டுப் ‘பெரிதாக ஒன்றுமில்லை’ என்று சொல்லுகிறவர்கள் இந்தக் காத்திருப்பைத்தான் தவறவிடுகிறார்கள்.

கூத்தில் அபிமன்யு கதை பார்த்தவர்களுக்கு இது இன்னும் தெளிவாகப் புரியும். சக்கரவியூகத்துக்குள் போக அவனுக்குத் தெரியும், வெளியே வரத் தெரியாது. அந்த ஒரு செய்தி நமக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பதால் அவன் உள்ளே நுழையும்போதே நெஞ்சு பதறுகிறது. நல்ல சண்டைக் காட்சியும் இடத்தை முதலில் சொல்லிவிடும்: வாசல் எது, எதிரி எந்தப் பக்கம், கதாநாயகன் எதை இழக்கப்போகிறான். சண்டை முடிந்ததும் இந்த மூன்றையும் உங்களால் சொல்ல முடியவில்லை என்றால், உங்கள் கவனத்தில் குறை இல்லை. காட்சியைக் குழப்பி எடுத்திருக்கிறார்கள்.

ஒரு ஷொட்டிலிருந்து அடுத்ததற்கு மாறும் வெட்டுகள் வேகமாக வருவதால்தான் குழப்பம் வருகிறது என்பதும் சரியல்ல. 2015இல் ஜோர்ஜ் மில்லர் இயக்கிய ‘மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோட்’ கிட்டத்தட்ட முழுக்கத் துரத்தல்தான். வெட்டுகள் படபடவென்று வரும். ஆனாலும் கண் தடுமாறுவதில்லை. பார்க்க வேண்டிய ஆளையோ பொருளையோ பெரும்பாலும் திரையின் நடுவிலேயே வைத்திருப்பதால், ஒரு ஷொட்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது கண் தேடி அலைய வேண்டியதில்லை. அதைத் தொகுத்த மார்கரெட் சிக்ஸலுக்கு ஒஸ்கார் கிடைத்தது. சண்டைப் படத்துக்கு மூளை தேவையில்லை என்கிறவர்கள் அந்தப் படத்தை ஒருமுறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும்.

எல்லாம் கொம்பியூட்டர் வேலை என்று ஒதுக்குவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற தவறு. 1985இல் வந்த ‘பொலிஸ் ஸ்டோரி’யில் ஜாக்கி சான் ஒரு கடைத்தொகுதிக்குள், விளக்குகள் சுற்றிய கம்பத்தைப் பிடித்துக் கீழே சறுக்கினார். கைகள் வெந்துபோயின. அப்படி உடம்பைப் பணயம் வைக்கும் சண்டைக் கலைஞர்களில் பெரும்பாலானோரின் முகம்கூட நமக்குத் தெரியாது. சண்டை வடிவமைப்புக்கென்று ஒஸ்காரில் தனி விருதே 2027இல் வெளியாகும் படங்களிலிருந்துதான் தொடங்குகிறது. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது இரண்டு நிமிடம் இருந்து பார்த்துவிட்டு எழும்புங்கள்.

நம் பகுதியில் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். போர்க்காலத்தில் மின்சாரம் இல்லாதபோது ஜெனரேட்டரும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்துச் சண்டைப் படம் பார்த்த ஊர்கள் இங்கே உண்டு. கெட்டவன் இரண்டரை மணி நேரத்துக்குள் தண்டிக்கப்படுவது அப்போது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்! அதே ஆட்களில் சிலருக்குத் துப்பாக்கிச் சத்தம் இன்றைக்கும் தாங்காது. வீட்டில் அப்படி யாரும் இருந்தால், ஸ்பீக்கரைக் கூட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அப்புறம், கல்லடிப் பழைய பாலத்திலும் கடற்கரையிலும் போனை வைத்துச் சண்டைக் காட்சி எடுக்க ஆசைப்படுகிற பிள்ளைகளுக்கு. உண்மையாக அடித்தால்தான் உண்மையாகத் தெரியும் என்று நினைக்காதீர்கள். கமெராவை அடி வாங்குகிறவரின் தோளுக்குப் பின்னால் வையுங்கள். கை முகத்துக்கு ஓர் அடி தூரம் தள்ளிப் போனாலும் பட்டது போலவே தெரியும். வாங்குகிறவர் தலையைச் சரியான நேரத்தில் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். அடிச் சத்தத்தைப் பிறகு சேர்க்கலாம். மெதுவாக ஓட வேண்டிய காட்சியை, சாதாரணமாக எடுத்துவிட்டு இழுக்காமல், எடுக்கும்போதே நொடிக்கு 120 பிரேமில், அதாவது 120 தனிப் படங்களாக, எடுங்கள். 24இல் ஓட்டினால் ஐந்து மடங்கு மெதுவாக, வெட்டி வெட்டி ஓடாமல் வரும். மோட்டார் சைக்கிள் சாகசத்தை மட்டும் கதையிலிருந்தே எடுத்துவிடுங்கள். அதைச் செய்பவர்கள் ஆண்டுக்கணக்கில் பழகியவர்கள், அவர்களுக்குக் கயிறும் மெத்தையும் பக்கத்தில் வைத்தியரும் இருப்பார்கள்.