200 எப்படி -4 ஆனது?

ஒரு மீட்டரிலிருந்து வரும் தரவை ஜாவா நிரல்மொழியில் பிரித்துக்கொண்டிருந்தேன். எட்டு பிட் கொண்ட ஒவ்வொரு பைட்டிலும் மேல் நான்கு பிட்தான் எனக்கு வேண்டும்; அதனால் பிட்டுகளை நான்கு இடம் வலப்பக்கம் தள்ளினேன். 200 வந்தால் 12 கிடைக்க வேண்டும்; கிடைத்ததோ -4. ஜாவாவின் பைட் -128 முதல் 127 வரைதான். அதனால் 200 உள்ளே -56 ஆக உட்கார்ந்திருந்தது; >> என்ற வலப்பக்கம் தள்ளும் குறியீடு, எதிர்ம எண் என்று காட்டும் முதல் பிட்டையே (குறி பிட்) இடப்பக்கம் காலியான இடங்களில் நிரப்பியது.

சரி, >>> போட்டால் பூஜ்ஜியம் நிரப்புமே என்று மாற்றினேன். வந்தது 268435452! தள்ளுவதற்கு முன்பே பைட் 32 பிட் முழு எண்ணாக (இன்ட்) விரிந்து, முன்னால் 24 ஒன்றுகள் ஒட்டிக்கொண்டுவிடுகின்றன. அரை நாள் போயிற்று.

கடைசியில் (பைட் & 255) >> 4 என்று எழுதினேன்; 255 கடைசி எட்டு பிட்டை மட்டும் மிச்சம் வைக்க, 12 வந்தது. அடைப்புக்குறியை விட்டால் >> முந்திக்கொண்டு 8 வரும். அதையும் ஒரு தடவை செய்தேன். முதலில் பைத்தானில் சோதித்தபோது எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அங்கே பைட்டுகள் 0 முதல் 255 வரை.