ஏப்ரல், அக்டோபரில் சொத்து வரி கட்டினால் 5% மிச்சம்

செங்கோட்டை, குழித்துறை மாதிரி நகராட்சியிலோ களியக்காவிளை மாதிரி பேரூராட்சியிலோ வீடு இருக்கிறதா? சொத்து வரியை ஏப்ரல் 30, அக்டோபர் 31-க்குள் கட்டிவிடுங்கள். வரியில் 5% ஊக்கத்தொகையாகக் கழியும். உச்சவரம்பு ரூ.5,000. அரையாண்டு வரி ரூ.1,800 என்றால் ரூ.90 மிச்சம்.

தெருவிளக்கு, குப்பை, வடிகால் செலவுக்கு அரையாண்டின் தொடக்கத்திலேயே பணம் வரட்டும் என்றுதான் இந்தச் சலுகை. தாமதித்தால் மாதம் 1% வட்டி ஏறும். சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்து பைசா சேர்த்து வாங்கும் நூலக வரிக்கு இந்தக் கழிவு கிடையாது. அது நூலகத்துக்குப் போகிறது.

பழைய பாக்கி இருந்தால் முதலில் அதைத் தீருங்கள். கட்டுகிற பணம் பாக்கிக்கே போய்ச் சேரும். ஊராட்சி வீட்டு வரிக்குச் சட்டமே வேறு. எல்லை தாண்டிப் பாறசாலையில் வீடென்றால் கேரள விதிகள்தான்.