சின்ன போன் தேடுபவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

"கைக்கு அடக்கமா, பத்தாயிரத்துக்குள்ள ஒரு போன் காட்டுங்க" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு 6.7 அங்குலத்திலோ 6.8 அங்குலத்திலோ ஒன்றை எடுத்து வைப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அந்த விலையில் அவரிடம் இருப்பதே அதுதான். 2025 ஏப்ரலில் 6,499 ரூபாய்க்கு வந்த ரெட்மி ஏ5-இன் திரை 6.88 அங்குலம், உயரம் 171 மி.மீ.க்கு மேல், எடை 193 கிராம். அதே ஆண்டு 80,999 ரூபாய்க்கு வந்த சாம்சங் கேலக்சி எஸ்25-க்கு 6.2 அங்குலத் திரை, 162 கிராம்தான் எடை.

விலை குறையக் குறைய போன் பெரிதாகிறது. இந்தத் தலைகீழ்க் கணக்கு தெரியாமல் "சின்னது என்றால் மலிவாகத்தானே இருக்கும்" என்று தேடத் தொடங்குவதுதான் முதல் தவறு. தெளிவு குறைந்த பெரிய எல்சிடி திரை விலை மலிவானது. ரெட்மி ஏ5-இல் அகலவாக்கில் இருப்பது வெறும் 720 புள்ளிகள், அதைத்தான் அவ்வளவு பெரிய திரைக்கு இழுத்திருக்கிறார்கள். பெரிய உடம்பு என்றால் உள்ளே இடமும் தாராளம், பெரிய பேட்டரியைச் சிரமமில்லாமல் வைத்துவிடலாம். கேமரா, போர்டு, ஆன்டெனா, பேட்டரி எல்லாவற்றையும் சின்ன உடம்புக்குள் நெருக்கி அடுக்குவதற்குத்தான் செலவு பிடிக்கும். தவிர, பத்தாயிரம் ரூபாய் போன் பல வீடுகளில் டிவியும் அதுதான், பிள்ளைகளின் பாடப்புத்தகமும் அதுதான். பெரிய திரை கேட்பவர்கள் சும்மா கேட்கவில்லை.

2021 தீபாவளிக்கு ஜியோபோன் நெக்ஸ்ட் வந்தபோது விலை இதே 6,499 ரூபாய், திரை 5.45 அங்குலம், எடை 135 கிராம். நான்கு ஆண்டுகளில் அதே காசுக்கு ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் வளர்ந்திருக்கிறது.

அங்குலத்தை நம்புவது

திரை எத்தனை அங்குலம் என்று பார்த்துப் போனின் அளவை முடிவு செய்வதுதான் இருப்பதிலேயே பரவலான தவறு. அந்த எண் திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரைக்கும் உள்ள தூரம், அவ்வளவுதான். மூலைக்கு மூலை அளவை மட்டும் சொல்லி ஒரு மனையை விற்க வந்தால் நாம் வாங்குவோமா?

2011-இல் சாம்சங் கேலக்சி நோட் வந்தபோது "இது போனா, பலகையா" என்று சிரித்தார்கள். அதன் திரை 5.3 அங்குலம்தான். இன்று 5.3 அங்குலம் என்றால் குட்டி போன் என்று நினைப்போம். ஆனால் அந்த நோட்டின் அகலம் கிட்டத்தட்ட 83 மி.மீ. இன்றைக்குப் பூதாகரமாகத் தெரியும் எஸ்24 அல்ட்ரா, 6.8 அங்குலத் திரையோடு, 79 மி.மீ. அகலம்தான். திரையைச் சுற்றியிருந்த சட்டம் மெலிந்துவிட்டது, திரையும் நீள வடிவத்துக்கு மாறிவிட்டது.

இன்னும் பக்கத்து உதாரணம் வேண்டுமா? 2020-இல் வந்த ஐபோன் எஸ்இ-க்குத் திரை 4.7 அங்குலம், ஐபோன் 13 மினிக்கு 5.4 அங்குலம். எது சின்னது? மினிதான். எஸ்இ 138.4 மி.மீ. உயரம், 67.3 மி.மீ. அகலம், 148 கிராம். மினி 131.5 மி.மீ., 64.2 மி.மீ., சுமார் 140 கிராம். கீழே ஹோம் பட்டன், மேலே ஸ்பீக்கர் என்று எஸ்இ இடத்தை விட்டுக்கொடுத்திருக்கிறது. இணையத்தில் "5 அங்குலத்துக்குள்" என்று வடிகட்டித் தேடுபவர் கண்ணில் மினி படவே படாது.

எனவே பார்க்க வேண்டிய முதல் எண் அகலம், இரண்டாவது எடை, உயரம் அதற்கு அப்புறம். ஒரு கையால் பிடித்துக் கட்டைவிரலால் தட்டும்போது அந்த விரல் எட்ட வேண்டியது குறுக்கே உள்ள தூரம்தான். என் கணக்கில் 72 மி.மீ.க்குள் இருந்தால் சராசரிக் கைக்குச் சமாளிக்கலாம், 68-க்குக் கீழே வந்தால் நிம்மதி. 76-ஐத் தாண்டினால் சுண்டுவிரலைப் போனுக்கு அடியில் முட்டுக்கொடுத்துத்தான் பிடிக்க வேண்டியிருக்கும், இரவு அந்த விரல் வலிக்கும்.

கடைக்குப் போகும் முன் ஒரு அட்டையை அந்த அகல உயரத்துக்கு வெட்டிச் சட்டைப் பையில் போட்டுப் பாருங்கள். வண்டியை ஸ்டாண்ட் போடக் குனிகிற மாதிரி ஒரு தரம் குனியுங்கள். பைக்கு வெளியே இரண்டு விரற்கடை நீட்டிக்கொண்டிருக்கும் போன் அந்த ஒரு குனிதலில்தான் கீழே விழும். அட்டை வெட்டும்போது உறைக்கும் சேர்த்து அகலத்தில் மூன்று நான்கு மி.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். கடையில் உறையில்லாமல் பிடித்துப் பார்த்து, "ஆகா, அடக்கமா இருக்கே" என்று வாங்கிவிட்டு, வாசலிலேயே தடித்த உறை போடுபவர்கள் ஏராளம்.

மடக்கும் போன் சின்ன போனாகுமா என்று கேட்கிறார்கள். பைக்குத்தான் அது சின்னது. கேலக்சி இசட் ஃப்ளிப் 6-ஐ விரித்தால் 165 மி.மீ. உயரம், 72 மி.மீ. அகலம், 187 கிராம். கைக்கு அது முழுசாகப் பெரிய போன்தான்.

பேட்டரி பயம்

"சின்ன போன் சாயங்காலம் வரை தாங்காது." ஒரு காலத்தில் முழு உண்மை. ஐபோன் 12 மினியில் இருந்தது 2,227 எம்ஏஎச் பேட்டரி, சாம்சங் எஸ்22-இல் 3,700. இரண்டும் வெயிலில் மேப் பார்த்துக்கொண்டு வண்டி ஓட்டுபவருக்குப் போதாது. ஆனால் இதை 2025-இலும் அப்படியே சொல்வது சரியில்லை. மைனஸ் பக்க மின்முனையில் சிலிக்கான் கலந்த பேட்டரிகள் வந்தபிறகு அதே இடத்தில் கூடுதல் மின்சாரம் அடைக்க முடிகிறது. 2025 ஜூனில் வந்த ஒன்பிளஸ் 13எஸ் 6.32 அங்குலம், 5,850 எம்ஏஎச். ஜூலையில் வந்த விவோ எக்ஸ்200 எஃப்இ 6.31 அங்குலம், 6,500 எம்ஏஎச். இரண்டும் 72 மி.மீ. அகலத்தை ஒட்டியே நிற்பவை. இரண்டுக்கும் ஆரம்ப விலை 54,999 ரூபாய் என்பதுதான் வயிற்றெரிச்சல். அந்தப் பணம் இருப்பவர்கள் பேட்டரிக்குப் பயந்து பெரிய போனுக்குப் போக வேண்டியதில்லை. பழைய போன் வாங்குபவர்கள் மட்டும் இந்தப் பயத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பழசு வாங்கும்போது

சின்னதாகவும் வேண்டும், விலையும் கட்டுப்படியாக வேண்டும் என்றால் நம் ஊரில் பெரும்பாலும் செகண்ட் ஹாண்ட்தான் வழி. சென்னை ரிச்சி தெருவோ இணையக் கடையோ, தவறுகள் ஒரே மாதிரிதான் நடக்கின்றன.

அழகைப் பார்த்து ஆயுளை மறப்பது அதில் பெரியது. பிக்சல் 4ஏ இன்றும் பலருக்கு மோகம்: 143 கிராம், 69.4 மி.மீ. அகலம், காதில் வைத்தால் இருப்பதே தெரியாது. ஆனால் அதற்கான பாதுகாப்பு அப்டேட் 2023-இலேயே முடிந்துவிட்டது. போதாக்குறைக்கு 2025 ஜனவரியில் கூகுள் அனுப்பிய ஓர் அப்டேட், குறிப்பிட்ட சில 4ஏ போன்களின் பேட்டரிக் கொள்ளளவையே குறைத்தது. இலவச பேட்டரி மாற்றமோ பணமோ தருவதாக அப்போது நிறுவனம் அறிவித்தது. யுபிஐ, வங்கிச் செயலி எல்லாம் போடப்போகும் போனுக்கு அப்டேட் நின்றுபோயிருந்தால் அது எவ்வளவு அடக்கமாக இருந்து என்ன? வாட்ஸ்அப்பே 2025 மே முதல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 15.1-க்குக் கீழே ஓடுவதில்லை. ஐபோன் 6 வைத்திருந்தவர்கள் அன்றோடு வெளியே.

இந்தியாவில் விற்கப்படாத மாடலை ஆசைப்பட்டு வரவழைப்பது அடுத்தது. சோனி 2019-இல் இந்தியச் சந்தையை விட்டுப் போனது, ஏசுஸின் ஜென்போன் 10 இங்கே வரவேயில்லை. இரண்டுக்கும் ரசிகர்கள் உண்டு. ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது, பேச்சே வோல்டிஇ, அதாவது 4ஜி வழியே பேசும் வசதி, மூலமாகத்தான். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த போனில் நம் சிம் நிறுவனத்துக்கான வோல்டிஇ திறக்காவிட்டால் இணையம் ஓடும், பேச முடியாது. காசு கொடுக்கும் முன் உங்கள் சிம்மையே போட்டு ஒரு அழைப்பு பேசிப் பாருங்கள். திரை உடைந்தால் உதிரி எங்கே கிடைக்கும் என்ற கேள்வி தனி.

அப்புறம் திருட்டு போன். *#06# தட்டினால் ஐஎம்இஐ, அதாவது அந்தப் போனின் தனி அடையாள எண், வரும். கேஒய்எம் (KYM) என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், அது முடக்கப்பட்ட போனா என்று தொலைத்தொடர்புத் துறையின் பதில் வந்துவிடும். ஐபோன் என்றால் செட்டிங்ஸில் பேட்டரி ஹெல்த் 80 சதவீதத்துக்குக் கீழே போயிருக்கிறதா என்றும் பாருங்கள். போயிருந்தால் புது பேட்டரிக்கான செலவையும் விலையோடு கூட்டிப் பேரம் பேசுங்கள்.

அளவுக்கு மீறிச் சின்னது

யூனிஹெர்ட்ஸ் ஜெல்லி போன்ற 3 அங்குல போன்களைப் பார்த்து மயங்குபவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது போனாக வைத்துக்கொள்ளலாம். தமிழில் அதிகம் எழுதுபவர் அதையே முதல் போனாக வைத்துக்கொண்டால் ஒரு வாரத்தில் திருப்பிக் கொடுப்பார். ஆங்கில விசைப்பலகையில் ஒரு வரிசைக்குப் பத்து விசை, தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகையில் அதைவிட அதிகம். ஐபோன் மினியின் திரை அகலமே சுமார் 57 மி.மீ.தான், ஆக ஒரு விசைக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஐந்து மில்லிமீட்டர்தான். 'ள' தட்டினால் 'ற' விழும். மூன்று அங்குலத் திரையில் எப்படி இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதே காரணத்தால்தான் அப்பா அம்மாவுக்கு "லேசா இருக்கட்டும்" என்று சின்ன போன் வாங்கிக் கொடுப்பதும் பல நேரம் தவறாக முடிகிறது. அவர்கள் முதலில் செய்வது எழுத்தைப் பெரிதாக்குவதுதான். "புதுப்பிக்கப்பட்டுள்ளது" என்ற ஒரே சொல் ஒரு வரியை அடைத்துக்கொள்ளும். வங்கிச் செயலியில் 'சரி' பொத்தான் திரைக்குக் கீழே இறங்கி மறைந்துவிடும். அவர்களுக்கு எடை குறைந்த, நடுத்தர அகலமுள்ள போன்தான் பொருந்தும்.

காத்திருப்பது

பெபிள் கைக்கடிகாரத்தை உருவாக்கிய எரிக் மிகிகோவ்ஸ்கி 2022-இல் சின்ன ஆண்ட்ராய்டு போனுக்காக 50,000 கையெழுத்து கேட்டு ஓர் இணையதளமே தொடங்கினார். அப்போதிலிருந்து "அடுத்த வருஷம் வரும்" என்று காத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். ஆப்பிள் 2023 செப்டம்பரில் மினியை நிறுத்தியது. ஏசுஸ் 2024-இல் ஜென்போன் 11 அல்ட்ராவை 6.78 அங்குலத்துக்கு வளர்த்தது. "சின்ன போன் கேட்பவர்கள் வாய்ச்சொல் வீரர்கள், வாங்க மாட்டார்கள்" என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். எனக்கு அதில் அரைகுறை சம்மதம்தான். 12 மினியின் இந்திய விலை 69,900 ரூபாயில் தொடங்கியது. சின்னதும் மலிவுமாக, ஆனால் ஒழுங்காக ஓடும் ஒன்றை இருபதாயிரத்துக்கு யாரும் வைத்துப் பார்க்கவில்லையே! எப்படியோ, அப்படியொன்று அடுத்த மாதம் வரும் என்று நம்பிப் பேட்டரி வீங்கிய பழைய போனோடு காலம் தள்ளாதீர்கள்.

இன்றைக்கு வாங்குவதென்றால் நான் பார்ப்பது, நல்ல நிலையில் உள்ள பழைய சாம்சங் எஸ்23. 70.9 மி.மீ. அகலம், 168 கிராம், பாதுகாப்பு அப்டேட் 2028 தொடக்கம் வரை உண்டு. எஸ்22 இன்னும் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதற்கு 2027 தொடக்கம்தான் எல்லை, பேட்டரியும் சின்னது. ஐபோன் பிரியர்களுக்கு 13 மினி. புது பேட்டரி போட்டுத் தருகிற இடமாகப் பார்த்து வாங்குங்கள்.

பத்தாயிரத்துக்கு மேல் ஒரு ரூபாயும் முடியாது என்றால் அகலத்தை விட்டுவிட்டு எடையை மட்டும் பாருங்கள். 190 கிராமுக்குக் கீழே இருப்பதை எடுத்துக்கொண்டு, செட்டிங்ஸில் ஒன் ஹேண்டட் மோடை இயக்குங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் அது உள்ளேயே இருக்கிறது, திரையின் மேல்பாதி விரலுக்கு எட்டும் தூரத்துக்கு இறங்கி வரும். கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையையும் வலப்பக்கமோ இடப்பக்கமோ ஒதுக்கிவிடலாம்.