முதல் ஏர் ரைபிள்: மலிவாக வாங்கப்போய்ச் செய்யும் தவறுகள்

எங்கள் வீட்டுப் பரணில் ஓர் ஏர் ரைபிள், அதாவது காற்றழுத்தத்தால் சுடும் துப்பாக்கி, ஸ்கோப் என்னும் குறிபார்க்கும் தொலைநோக்கியோடு படுத்திருக்கிறது. எட்டாம் வகுப்பு படித்த மகள் துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் போக ஆசைப்பட்டபோது, "முதலில் மலிவாக ஒன்று வாங்குவோம், தேறினால் நல்லது பார்க்கலாம்" என்று நான் கணக்குப் போட்டு வாங்கியது. பெட்டியின் மேல் வினாடிக்கு இத்தனை அடி வேகம் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். நான் மயங்கியது அந்த எழுத்தில்தான். பயிற்சிக்குக் கொண்டுபோன முதல் நாள் பயிற்சியாளர் அதை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு ஓரமாகச் சாத்திவைத்தார். மகள் கையில் கிளப்பின் பழைய ரைபிளைக் கொடுத்தார்.

சென்னையில் இப்போது எழும்பூர்ப் பக்கம் தொடங்கிப் புறநகர் வரை பயிற்சிக்கூடங்கள் இருக்கின்றன. பெற்றோர் பலரும் நான் போன வழியிலேயே போவதைப் பார்க்கிறேன்.

வேகத்தைப் பார்த்து வாங்குவதுதான் முதல் தவறு. பத்து மீட்டர் தொலைவில் உள்ள அட்டையைச் சுடும் போட்டியில் வேகத்துக்கு வேலையே இல்லை. போட்டி ரைபிளிலிருந்து பெல்லட் என்னும் சிறு ஈயக் குண்டு வினாடிக்குச் சுமார் 175 மீட்டர் வேகத்தில்தான் கிளம்பும். அரை கிராமுக்குச் சற்றே கூடுதலான ஈயத்துக்கு அது ஏறத்தாழ 8 ஜூல் ஆற்றல். காகித அட்டையைத் துளைக்க அதற்கு மேல் எதற்கு? அட்டையின் நடுவில் உள்ள, பத்து மதிப்பெண் தரும் புள்ளியின் விட்டம் வெறும் 0.5 மில்லிமீட்டர், கசகசாவைவிடச் சிறியது. சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றது அந்தப் புள்ளியைக் குறிபார்த்துத்தான். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி சுடுகிற துப்பாக்கிதான் அங்கே தேவை.

என் ரைபிள் ஸ்பிரிங் வகை. குழலை மடக்கினால் உள்ளே கனமான பிஸ்டன் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். விசையை அழுத்தியதும் அது முன்னால் பாய்ந்து காற்றை நெருக்கி பெல்லட்டைத் தள்ளும். பெல்லட் குழலை விட்டு வெளியேறுவதற்குள்ளேயே துப்பாக்கி ஒரு குலுக்கல் குலுக்கிவிடும். பிடி கொஞ்சம் மாறினாலும் குண்டு வேறிடத்தில் விழும். வளர்ந்தவர்களுக்கே இது தலைவலி. பதின்மூன்று வயதுப் பெண் ஒரு போட்டிக்கு அறுபது முறை குழலை மடக்கினால், முப்பதாவது குண்டிலேயே தோள் தளர்ந்துவிடும்.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. இந்த விளையாட்டில் பயிற்சியின் பெரும்பகுதி குண்டில்லாமல் நடப்பது. வீட்டுச் சுவரில் ஒரு புள்ளியை ஒட்டி, நின்று, குறிபார்த்து, வெறும் விசையை அழுத்திப் பழக வேண்டும். காசு செலவில்லை, பக்கத்து வீட்டாருக்கும் தொல்லையில்லை. ஆனால் ஸ்பிரிங் துப்பாக்கியைக் குண்டில்லாமல் இயக்கினால், தாங்குவதற்குக் காற்றழுத்தம் இல்லாமல் பிஸ்டன் முகப்பில் நேராக மோதிக் கெட்டுப்போகும். அழுத்தக் காற்றுச் சிலிண்டர் பொருத்திய போட்டி ரைபிள்களில் வெறும் விசைப் பயிற்சிக்கென்றே தனி ஏற்பாடு இருக்கிறது. மலிவுத் துப்பாக்கி அந்த இலவசப் பயிற்சியையே பறித்துக்கொள்கிறது.

ஸ்கோப்பையும் கையோடு வாங்கினேன் என்றேன் அல்லவா? பத்து மீட்டர் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதியே இல்லை. கண் பக்கம் சிறு துளையும் குழல் முனையில் வளையமும் கொண்ட பீப் சைட் மட்டுமே. கடைக்காரர் இதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சட்ட விஷயத்தில் ஒன்று. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்குக் குறைந்த ஆற்றலும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. "கொஞ்சம்தானே பெரிது" என்று 5.5 மில்லிமீட்டர் குழலை வாங்கினாலோ, ஸ்பிரிங்கை மாற்றி ஆற்றலைக் கூட்டினாலோ கதை வேறு. போட்டிக்கும் அது உதவாது. அடையாளச் சான்று கொடுத்து, ரசீது வாங்கி, அதைத் துப்பாக்கிப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். மொட்டைமாடியில் காக்கையையும் கிளியையும் சுட்டுப் பார்க்கத்தான் துப்பாக்கி என்று நினைப்பவர்கள் இந்தக் கட்டுரையை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

என் அனுபவத்தைக் கேட்டுச் சிரித்த நண்பர் ஒருவர் வேறொரு குழியில் விழுந்தார். ஜெர்மன் போட்டி ரைபிள், பழையது, பாதிக்கும் குறைந்த விலை. குழல் பளபளவென்று இருந்தது. விசை வெண்ணெய் போல வழுக்கியது. காற்றுச் சிலிண்டரில் பொறித்திருந்த தேதியை மட்டும் அவர் பார்க்கவில்லை. இந்தச் சிலிண்டர்களில் காற்று 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும். ஸ்கூட்டர் டயரில் இருப்பது ஏறத்தாழ 2 பார். அதனால் சிலிண்டருக்கு ஆயுட்காலம் உண்டு, அதிகபட்சம் பத்து ஆண்டுகள். சர்வதேசப் போட்டி விதிகளின்படி, காலாவதியாகாத சிலிண்டரைக் கொண்டுவருவது சுடுபவரின் பொறுப்பு. நண்பரின் சிலிண்டர் காலம் கடந்தது. புதியதை வரவழைத்த பிறகு அந்த "பாதி விலை" எங்கேயோ போய்விட்டது. பழையது வாங்கினால், குழலைப் பார்க்கும் முன் சிலிண்டரைத் திருப்பித் தேதியைப் படியுங்கள். அழிந்திருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

காற்று நிரப்புவதிலும் சிக்கனம் ஆபத்து. கைப்பம்பு போதுமானதுதான். ஆனால் நம் ஊர்க் காற்றில் ஈரம் எப்போதும் நிறைந்திருக்கிறது. ஈரத்தை உறிஞ்சும் வடிகட்டி இல்லாத பம்பு அந்தத் தண்ணீரையும் சேர்த்தே உள்ளே அடைக்கும். சிலர் மருத்துவ ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து நிரப்பிக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். கூடவே கூடாது. உயரழுத்த ஆக்சிஜனோடு எண்ணெயோ கிரீஸோ சேர்ந்தால் வெடிக்கும்.

எண்ணெய் என்றதும் நினைவுக்கு வருகிறது: ஸ்பிரிங் துப்பாக்கிக்குள் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பிஸ்டன் அழுத்தத்தில் எண்ணெய் உள்ளேயே பற்றிக்கொண்டு, டீசல் எஞ்சின் போலப் புகையைக் கக்கும். பாதுகாப்பு என்று விட்ட எண்ணெய், பிஸ்டனில் காற்று கசியாமல் தடுக்கும் வளையத்தைக் கெடுத்துவிடும். கடற்காற்று துருப்பிடிக்கவைக்கும் என்பதால் குழலின் வெளிப்புறத்தை எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும்.

பெல்லட்டில் மிச்சம் பிடிப்பதும் பலன் தராது. போட்டிக்குத் தட்டை முகப் பெல்லட்தான். அட்டையில் வட்டமாக, சுத்தமாகத் துளை விழும். ஒரே நிறுவனத்தின் பெல்லட்டிலேயே தலை அளவு 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் என்று மாறும். எது உங்கள் குழலுக்குப் பொருந்தும் என்பதை ரைபிளைத் தாங்கியில் வைத்துச் சுட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மொத்தமாகப் பத்து டப்பா வாங்கிவைப்பது அந்தச் சோதனைக்குப் பிறகுதான். பெல்லட் ஈயம் என்பதால் கை கழுவாமல் பஜ்ஜியைத் தொட வேண்டாம் என்று குழந்தைகளிடம் தினமும் சொல்லுங்கள்.

சரி, எதைத்தான் வாங்குவது? ஆறு மாதம் எதையும் வாங்காதீர்கள். கிளப் ரைபிளுக்கு வாடகை கொடுங்கள். அந்த ஆறு மாதத்தில் பிள்ளையின் கை நீளமும் உயரமும் மாறிக்கொண்டே இருக்கும். அதன் பிறகும் ஆசை தணியவில்லை என்றால் உள்நாட்டில் தயாராகும் சிலிண்டர் வகைப் போட்டி ரைபிளைப் பாருங்கள். வெளிநாட்டு ரைபிள்கள் லட்சங்களில் இருப்பதால், தொடக்கத்தில் மாநிலப் போட்டி வரை உள்நாட்டு ரைபிளே தாராளமாகக் கைகொடுக்கும். பின்கட்டையின் நீளத்தையும் கன்னம் பதியும் பலகையின் உயரத்தையும் கூட்டிக் குறைக்க வசதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். விலை, நிறம் எல்லாம் அதற்குப் பிறகு.

மகள் இன்னும் கிளப் ரைபிளில்தான் சுடுகிறாள். பரணில் இருப்பதை விற்கலாம் என்று போன மாதம் ஒருவரிடம் பேசினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "வேகம் எவ்வளவு சார்?"