விரிதாளில் கணக்குத் தப்பாமல் இருக்க: தரவைச் சுத்தம் செய்வதிலிருந்து பைவட் டேபிள் வரை

எக்ஸெல் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தெந்த ஃபார்முலா தெரிந்திருக்க வேண்டும்?" என்பதுதான். ஆனால் அலுவலக அறிக்கைகளில் கூட்டுத்தொகை தப்பாக வரும்போது, தேடிப் பார்த்தால் பெரும்பாலும் ஃபார்முலா சரியாகத்தான் இருக்கும். எண் போலத் தெரிகிற எழுத்து, நாளும் மாதமும் இடம் மாறிய தேதி, பெயரின் வாலில் ஒட்டிக்கொண்ட இடைவெளி ஆகியவைதான் கணக்கைக் கெடுத்திருக்கும். எனவே முதலில் அட்டவணையையும் தரவையும் சரிசெய்யப் பழகுங்கள். ஃபார்முலாக்கள் அதற்குப் பிறகு சீக்கிரம் பிடிபடும்.

கீழே உள்ள மெனு பெயர்கள் எக்ஸெலில் இருப்பவை. கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் கால்க் ஆகியவற்றில் மெனுவின் இடம் மாறலாம். அட்டவணை பற்றிய விதிகள் அங்கேயும் இவைதான்.

அட்டவணையின் அமைப்பு

ஒரு விற்பனைப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். ஒரு விற்பனைக்கு ஒரு வரிசை. ஒரு விவரத்துக்கு ஒரு நெடுவரிசை: தேதி, பில் எண், வாடிக்கையாளர், பொருள் குறியீடு, மண்டலம், எண்ணிக்கை, விலை, தொகை. தலைப்பு ஒரே வரிசையில் இருக்கட்டும். நடுவில் வெற்று வரிசை வேண்டாம், மெர்ஜ் செய்த செல் வேண்டாம். மாத முடிவில் "மொத்தம்" என்று ஒரு வரிசையைச் செருகும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். அடுத்து யாராவது அந்த நெடுவரிசையைக் கூட்டினால் அதே தொகை இரண்டு முறை சேரும்.

மாதங்களைப் பக்கவாட்டில் 12 நெடுவரிசைகளாக வைத்திருக்கும் பட்டியல் கண்ணுக்கு அழகாக இருக்கும், பகுப்பாய்வுக்கு உதவாது. அதை மாற்ற, பட்டியலுக்குள் ஒரு செல்லைத் தேர்ந்தெடுத்து டேட்டா தாவலில் 'ஃப்ரம் டேபிள்/ரேஞ்ச்' கொடுங்கள். பவர் குவெரி (தரவை இறக்கிச் சீர்செய்யும் எக்ஸெலின் கருவி) சாளரம் திறக்கும். மாறாமல் இருக்க வேண்டிய நெடுவரிசைகளை (வாடிக்கையாளர், பொருள்) தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து 'அன்பிவட் அதர் காலம்ஸ்' கொடுத்தால் 12 மாதங்களும் 'அட்ரிப்யூட்', 'வேல்யூ' என்ற இரண்டு நெடுவரிசைகளாக இறங்கிவிடும். அவற்றின் பெயரை "மாதம்", "தொகை" என்று மாற்றிக்கொள்ளுங்கள். 'க்ளோஸ் அண்ட் லோட்' கொடுத்தால் புதிய ஷீட்டில் வந்து உட்காரும்.

வந்த தரவை வந்தபடியே ஒரு ஷீட்டில் வைத்துவிட்டு, திருத்தங்களை அதன் நகலில் செய்யுங்கள். பிறகு இன்செர்ட் தாவலில் 'டேபிள்' கொடுத்துப் பட்டியலை முறையான டேபிளாக மாற்றுங்கள். அடியில் புதிய வரிசை சேர்ந்தால் டேபிள் தானாக நீளும், அதை நம்பியிருக்கும் ஃபார்முலாவும் சேர்ந்து நீளும். "போன மாதத்தோடு நின்றுவிட்ட" மொத்தங்களில் பலவும் இந்த ஒன்றைச் செய்யாததால் வந்தவை.

எண்ணா, எழுத்தா?

அலைன்மென்ட் எதுவும் கொடுக்காத செல்லில் எண் வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். தொகை நெடுவரிசையை மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள். நூற்றுக்கணக்கான எண்களுக்கு நடுவே ஒரு 12500 மட்டும் இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது என்று வையுங்கள். சம் ஃபார்முலா அதைப் பிழை என்று சொல்லாது. சத்தமில்லாமல் அதை விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டும். அதே செல்லைக் கூட்டல் குறி போட்டு இன்னொரு செல்லோடு கூட்டினால் எண்ணாக எடுத்துக்கொள்ளும். ஒரே தரவுக்கு இரண்டு விடை வருவது இப்படித்தான்.

கண்ணால் தேட வேண்டியதில்லை. கவுண்ட் எண்களை மட்டும் எண்ணும், கவுண்ட்ஏ காலியில்லாத எல்லாவற்றையும் எண்ணும். கவுண்ட்ஏ 800 என்றும் கவுண்ட் 793 என்றும் சொன்னால், ஏழு செல்களில் எழுத்து இருக்கிறது.

அந்த 12500 மீது, செல்லில் எத்தனை எழுத்து இருக்கிறது என்று சொல்லும் லென் ஃபார்முலாவைப் போடுங்கள். கண்ணுக்குத் தெரிவது ஐந்து இலக்கம், விடை 6 என்று வரும். ஆறாவதாக ஒளிந்திருப்பது ஓர் இடைவெளி. தேவையற்ற இடைவெளிகளை நீக்கும் டிரிம் ஃபார்முலாவைப் போட்டும் அது போகவில்லை என்றால், அது சாதாரண இடைவெளி அல்ல, 160 என்ற குறியீட்டெண் கொண்ட உடையா இடைவெளி. இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்த தரவில் அடிக்கடி வரும், டிரிமுக்கு அது தெரியாது. சப்ஸ்டிட்யூட் ஃபார்முலாவில், தேட வேண்டியதாக கேர்(160) என்றும், மாற்றாக ஒன்றுமில்லாத இரட்டை மேற்கோள் குறியும் கொடுத்து, அந்த விடையை வேல்யூ ஃபார்முலாவுக்குள் வையுங்கள். இப்போது எண் வலப்பக்கம் போய் நிற்கும்.

இடைவெளி எதுவும் இல்லாமலேயே எழுத்தாகக் கிடந்தால், செல் 'டெக்ஸ்ட்' ஃபார்மேட்டில் இருக்கும்போது தட்டச்சு செய்திருப்பார்கள். ஃபார்மேட்டை மாற்றினால் மட்டும் எண்ணாகிவிடாது. ஃபார்மேட்டை 'ஜெனரல்' ஆக்கி, நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, டேட்டா தாவலில் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' திறந்து, வேறு எதையும் தொடாமல் 'ஃபினிஷ்' கொடுங்கள். மொத்த நெடுவரிசையும் மாறிவிடும்.

இதற்கு நேரெதிரான தொல்லையும் உண்டு. எண் போலத் தெரிந்தாலும் எழுத்தாகவே இருக்க வேண்டியவை: 00742 போன்ற பொருள் குறியீடு, தொலைபேசி எண், கணக்கு எண், அட்டை எண். எக்ஸெல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் காப்பாற்றும். 16 இலக்க எண்ணை உள்ளிட்டால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும், பிறகு மீட்க வழியில்லை. ஒட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' ஆக்கிவிடுங்கள்.

தேதி

எக்ஸெலுக்குத் தேதி என்பது 1900 ஜனவரி 1-ஐ 1 என்று கொண்டு எண்ணிவரும் ஒரு நாள் கணக்கு. 2025 ஜனவரி 1 என்பது 45658. ஒரு தேதியை 'ஜெனரல்' ஆக்கும்போது இப்படி எண் வந்தால் அது உண்மையான தேதி. எதுவும் மாறவில்லை என்றால் அது எழுத்து.

மிக மோசமான தேதிப் பிழை பாதி மறைந்திருக்கும். நாள் முதலில் எழுதிய கோப்பை, மாதம் முதலில் என்று அமைத்த கணினியில் திறக்கிறீர்கள். 03/04/2025 என்பது ஏப்ரல் 3. கணினி அதை மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும், எச்சரிக்கை ஏதும் வராது. 25/04/2025 வரும்போது 25-ஆவது மாதம் இல்லாததால் அதை எழுத்தாக விட்டுவிடும். ஆக, 13 முதலான நாள்கள் இடப்பக்கம் எழுத்தாக நிற்கும், 12 வரையான நாள்கள் தவறான மாதத்தில் போய் உட்கார்ந்திருக்கும். இடப்பக்கம் நிற்பவற்றை மட்டும் திருத்திவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அந்த நிலையில் இருக்கும் கோப்பை ஒட்டுப்போடாதீர்கள். மூலக் கோப்பை மறுபடி இறக்குங்கள்: டேட்டா தாவலில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' (சிஎஸ்வி என்பது காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பு), பிறகு 'டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா'. வலப்பக்கப் பட்டியலில் 'சேஞ்ச்ட் டைப்' என்ற படியை நீக்குங்கள். தேதி நெடுவரிசையை ரைட் கிளிக் செய்து 'சேஞ்ச் டைப்', 'யூசிங் லோக்கேல்' என்று போய், வகையாக 'டேட்'டையும், நாளை முதலில் எழுதும் ஒரு லோக்கேலையும், அதாவது நாட்டு வழக்கையும் (இங்கிலீஷ் – யுனைடெட் கிங்டம் பொருந்தும்) தேர்ந்தெடுங்கள்.

சிஎஸ்வி கோப்பை டபுள் கிளிக் செய்து திறக்காமல் இதே வழியில் இறக்குவது எப்போதும் நல்லது. குறியீடுகளின் முன்பூஜ்யம் போகாது. தமிழ்ப் பெயர்கள் புரியாத குறிகளாக வந்தால், இறக்கும் சாளரத்தின் மேலே 'ஃபைல் ஆரிஜின்' என்ற இடத்தில் 65001 யூனிகோட் யுடிஎஃப்-8 என்று மாற்றுங்கள், எழுத்து தெளிவாகிவிடும்.

கோப்பின் வடிவத்தையும் கவனியுங்கள். இப்போதைய எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஷீட் 10,48,576 வரிசைகள் கொள்ளும். பழைய எக்ஸ்எல்எஸ் வடிவம் 65,536 வரிசைகளோடு நின்றுவிடும். 2020-இல் இங்கிலாந்தில் இந்தப் பழைய வடிவத்தைப் பயன்படுத்தியதால் 15,841 கொரோனா தொற்றுகள் அன்றாட எண்ணிக்கையில் விடுபட்டுப் போயின.

ஃபார்முலாக்கள்

வணிகக் கணக்குக்குத் தொடக்கத்தில் ஏழெட்டு போதும்: சம்இஃப்ஸ், கவுண்ட்இஃப்ஸ், இஃப், எக்ஸ்லுக்கப், ரவுண்ட், டிரிம், டெக்ஸ்ட். நிபந்தனைக்குப் பொருந்துபவற்றை மட்டும் கூட்டும் சம்இஃப்ஸில் கூட்ட வேண்டிய நெடுவரிசை முதலில் வரும், அதன் பின் நிபந்தனைகள் ஜோடி ஜோடியாக வரும். பழைய சம்இஃபில் அது கடைசியில் வரும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, ஒரே நிபந்தனைக்கும் சம்இஃப்ஸையே பயன்படுத்திப் பழகுங்கள்.

பொருள் குறியீட்டை வைத்து விலை எடுக்க இன்னும் பலர் விலுக்கப்தான் போடுகிறார்கள். அதன் நான்காவது இடத்தில் ஃபால்ஸ் என்று போடாவிட்டால் தோராயப் பொருத்தம் என்று எடுத்துக்கொள்ளும். பட்டியல் வரிசைப்படுத்தப்படாமல் இருந்தால் வேறொரு பொருளின் விலையைக் கொண்டுவந்து வைக்கும், பிழைச் செய்தியும் வராது. எக்ஸ்லுக்கப் (எக்ஸெல் 2021, மைக்ரோசாஃப்ட் 365-இல் உண்டு) இயல்பாகவே சரியான பொருத்தத்தைத்தான் தேடும். கிடைக்காதவற்றுக்கு "இல்லை" என்று எழுதச் சொல்லலாம். அங்கே பூஜ்யம் போடாதீர்கள். விலை தெரியாத பொருளும் இலவசப் பொருளும் ஒன்றல்ல.

ஃபார்முலாவைக் கீழே இழுக்கும்போது நகரக்கூடாத செல்லை எஃப்4 அழுத்தி டாலர் குறியால் பூட்டுங்கள். முதல் வரிசையில் விடை சரி, இரண்டாவதிலிருந்து தப்பு என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

தசமத்தை மறைப்பது மதிப்பை மாற்றாது. மூன்று செல்களில் 0.4 இருந்து, தசமமில்லாமல் காட்டினால் மூன்றும் 0 என்று தெரியும், மொத்தம் 1 என்று தெரியும். அச்சிட்ட தாளில் கூட்டிப் பார்ப்பவர் கேள்வி கேட்பார். வரிசைவாரியாக ரவுண்ட் போட்ட பின் கூட்டுங்கள். சராசரிக்கும் ஒரு குறிப்பு: ஆவரேஜ் காலி செல்லைக் கணக்கில் எடுக்காது, பூஜ்யத்தை எடுக்கும்.

பைவட் டேபிள்

நீண்ட பட்டியலை மண்டலம், மாதம் என்று வகைவாரியாகத் தொகுத்துக் காட்டும் சுருக்க அட்டவணைதான் பைவட் டேபிள். டேபிளுக்குள் ஒரு செல்லில் நின்று, இன்செர்ட் தாவலில் 'பைவட் டேபிள்' கொடுங்கள். மண்டலத்தை 'ரோஸ்' பெட்டிக்கும், தேதியை 'காலம்ஸ்' பெட்டிக்கும், தொகையை 'வேல்யூஸ்' பெட்டிக்கும் இழுங்கள். 'சம்' வர வேண்டிய இடத்தில் 'கவுண்ட்' வந்தால், தொகை நெடுவரிசையில் எங்கோ எழுத்தோ காலி செல்லோ இருக்கிறது. 'சம்' என்று கையால் மாற்றிவிட்டுப் போகாமல், திரும்பிப் போய் அந்தச் செல்லைத் தேடுங்கள்.

தேதியை ரைட் கிளிக் செய்து 'குரூப்' கொடுக்கும்போது மாதத்தோடு வருடத்தையும் தேர்ந்தெடுங்கள். மாதம் மட்டும் என்றால் இரண்டு ஆண்டுகளின் ஜனவரிகளும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். குரூப் செய்ய முடியாது என்று மறுத்தால், நெடுவரிசையில் இன்னும் எழுத்துத் தேதி இருக்கிறது.

பைவட்டில் 'கால்குலேட்டட் ஃபீல்டு' போடும்போது அதன் உள்வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது முதலில் கூட்டிவிட்டுப் பிறகு கணக்கிடும். லாபத்தைத் தொகையால் வகுத்து லாப விகிதம் எடுக்க அதுதான் சரியான முறை. ஆனால் விலை × எண்ணிக்கை என்று கொடுத்தால், எல்லா விலைகளையும் கூட்டி, எல்லா எண்ணிக்கைகளையும் கூட்டி, அவற்றைப் பெருக்கி அர்த்தமற்ற பெரிய எண்ணைத் தரும். அந்தப் பெருக்கலை மூல டேபிளிலேயே வரிசைவாரியாகச் செய்யுங்கள்.

மூல டேபிளில் எதை மாற்றினாலும் பைவட் தானாக மாறும் என்று நம்பி இருந்துவிட வேண்டாம். டேட்டா தாவலில் 'ரெஃப்ரெஷ் ஆல்' கொடுங்கள். அறிக்கையை அனுப்புமுன் மூன்று எண்களை ஒப்பிடுங்கள்: பைவட்டின் மொத்தத் தொகை, மூல டேபிளின் சம், தரவைத் தந்த மென்பொருள் காட்டும் மொத்தம். முதல் இரண்டும் பொருந்தவில்லை என்றால் ரெஃப்ரெஷ் விடுபட்டிருக்கும், அல்லது ஃபில்டர் ஏதாவது போட்டபடி இருக்கும். அவை பொருந்தி மூன்றாவது மட்டும் விலகினால் கோளாறு இறக்குமதியில் இருக்கிறது. வரிசை எண்ணிக்கையைச் சரிபார்த்துவிட்டு, தொகை நெடுவரிசையின் கவுண்ட், கவுண்ட்ஏ வித்தியாசத்தை மறுபடி பாருங்கள்.