கணுக்கால் பிசகினால் எங்கே அழுத்திப் பார்ப்பது?

கால் உள்பக்கமாக மடங்கிப் பிசகினால் பெரும்பாலும் அடிபடுவது எலும்பு இல்லை, வெளிக்கணுவுக்குச் சற்று முன்னும் கீழுமாக இருக்கும் லிகமென்ட், அதாவது எலும்புகளை இணைக்கும் நார். விரல் வைத்தால் மெத்தென்று பள்ளமாகத் தட்டுப்படும் இடம். அங்கே மட்டும் வலித்தால் சுளுக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அப்புறம் கணு எலும்பின் பின்விளிம்பை, நுனியிலிருந்து மேலே 6 செ.மீ. வரை அழுத்திப் பாருங்கள்; உள்கணுவிலும் அப்படியே. பாதத்தின் வெளியோரத்தில், சுண்டுவிரலுக்கும் குதிகாலுக்கும் நடுவே துருத்தும் எலும்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள், அதையும் பாருங்கள். எலும்பின் மேலேயே சுரீரென்று வலித்தாலோ, 4 எட்டு வைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். வீக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம். வெறும் சுளுக்கே முட்டை மாதிரி வீங்கும். பாதம் மரத்துப்போயிருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம், நேரே மருத்துவமனைதான்.